முதுகுக்குப் பின்னால் ஒரு கம்பு

யுத்த காலத்தில் விழுப்புரம் ஜங்ஷனில் பட்டாளத்து ரயில்கள் நின்று நின்று போகும். காணைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஆண்டையின் வெல்ல மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு விழுப்புரம் போன நைனா, ஒரு நாள் அந்த ரயில்களில் ஒன்றைப் பார்த்துவிட்டார். இறங்கிய சிப்பாய்கள் பிளாட்பாரத்தில் வரிசை கட்டி நின்றார்களாம். நெஞ்சு முன்னே, தோள் இரண்டும் பின்னே, தாடை மேலே. வெள்ளைக்கார அதிகாரி எதிரே வந்து நின்றும் ஒருவன்கூடக் குனியவில்லையாம். வீட்டுக்கு வந்தவர் கஞ்சி குடிக்கவில்லை. வாசலில் நின்று அந்த நிற்பை எங்களுக்குச் செய்து காட்டினார். அவருக்கு அது சரியாக வரவில்லை, முதுகு வளைந்தே இருந்தது.

வளையாமல் என்ன செய்யும்? ஆண்டையின் வண்டி தெருமுனையில் தெரிந்தாலே நைனாவின் தோளிலிருக்கும் துண்டு கக்கத்துக்குப் போய்விடும், முதுகு தானாக மடங்கும். பிறந்ததிலிருந்து செய்த பழக்கம். எனக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். என் கோபம் ஊரறிந்தது. "இவ வாய்க்கு இவள எங்க கட்டிக் குடுக்கிறது" என்று அம்மா புலம்பாத நாளில்லை. அந்த வாய்க்குப் பொருத்தமான வேலை வாத்தியார் வேலைதான் என்று வேதக்கோயில் உபதேசியார் முடிவு செய்து, எட்டாவது முடித்த என்னைத் திண்டிவனத்தில் ஆசிரியைப் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டார். எங்கள் தெருவில் அதுவரை எட்டாவதைத் தாண்டியவர் யாருமில்லை.

நான் புறப்பட்ட அன்று நைனா ஒரு பூவரசங்கம்பைக் கையில் கொடுத்தார். பட்டை உரித்து, முனை மழுக்கி, வழவழவென்று இழைத்தது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட நீளம். அதை முதுகுக்குப் பின்னால் குறுக்கே வைத்து இரண்டு முழங்கை மடிப்பிலும் மாட்டிக்கொள்ள வேண்டும். தோள் தானாகப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும், நெஞ்சு தானாக முன்னே வரும்.

"காலையில அரை மணி, சாயங்காலம் அரை மணி," என்றார். "டீச்சரம்மா கூனி நிக்கக்கூடாது. எவன் வந்து நின்னாலும் சிப்பாயி மாதிரி நிக்கணும், தெரியுதா பாப்பா?"

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சொன்னதை அரைகுறையாகச் செய்யத் தெரியாது. ஹாஸ்டல் முற்றத்தில் அரை மணி என்பதை ஒரு மணியாக்கினேன். மற்ற பெண்கள் எனக்குப் 'பட்டாளத்தம்மா' என்று பேர் வைத்தார்கள், வைக்கட்டும் என்று விட்டேன். கம்பு இல்லாத நேரத்திலும் தோளைப் பின்னுக்கும் கீழுக்கும் இழுத்துப் பிடித்தபடியே நடந்தேன், உட்கார்ந்தேன், ஜெபத்திலும் அப்படியே நின்றேன். எல்லோரும் தலை குனிந்து கண்ணை மூடியிருக்க, நான் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு முறை திட்டும் வாங்கினேன்.

இது போதாதென்று ஒரு துணிப்பை. விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அம்மா அதில் கேப்பை மாவு, வறுத்த மல்லாட்டை, வெல்லம் எல்லாம் திணித்து அனுப்புவாள். அதன்மேல் என் புத்தகங்கள். பையின் வாரை இடது தோளில் போட்டால் வழுக்கிக்கொண்டு போகும், என் தோள் இரண்டும் சரிவு, இடது இன்னும் சரிவு. அதனால் எப்போதும் வலது தோள்தான். ஸ்டேஷனிலிருந்து ஹாஸ்டல்வரை அந்தப் பாரத்தைச் சுமந்து, சிப்பாயைப் போலவே நடந்து வருவேன்.

முதலில் தெரிந்தது தலை பின்னும்போது. கையைத் தூக்கிப் பின்னலை முடிப்பதற்குள் வலது கைச் சுண்டு விரலிலும் மோதிர விரலிலும் எறும்பு ஊர்ந்தது. பின்னலைப் பாதியில் விட்டுக் கையைத் தொங்கப்போட்டால் சரியாகிவிடும். ஒற்றைப் பின்னலை மூன்று தவணையில் பின்னிக்கொண்டேன். அப்புறம் ராத்திரி கையைத் தலைக்கு மேல் வைத்துத் தூங்கினால் காலையில் அது யாருடைய கையோ போலக் கிடந்தது. தொட்டால் ஜில்லென்றிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம்.

கடைசி வருஷம் மாதிரிப் பாடம் எடுக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் பின்னால் உட்கார்ந்திருப்பார், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால். அதில் தேறினால்தான் வாத்தியார் வேலை. எனக்கு வந்த பாடம் நிலக்கடலைச் செடி, எங்கள் பக்கத்து மல்லாட்டை. திண்டிவனத்துப் பிள்ளைகளுக்கு மல்லாட்டையைப் பற்றிச் சொல்லித்தருவதைவிட வெட்டி வேலை உலகத்தில் இருக்க முடியாது. பாதிப் பேர் கடலை மண்டிக்குள்ளேயே வளர்ந்தவர்கள். ஆனாலும் கரும்பலகையில் செடியை வரைந்து, வேர், தண்டு, இலை என்று எழுதிக் காட்ட வேண்டும். அந்தப் பலகையை எந்த நெட்டைக்காரர் மாட்டினாரோ, என் தலைக்கு மேலே தொங்கியது.

எக்கி நின்று கையைத் தூக்கினேன். தோள் வழக்கம்போல் பின்னால். இலையை வரைந்து முடிக்கவில்லை, சாக்பீஸ் விழுந்தது. முன்வரிசைப் பிள்ளை எடுத்துக் கொடுத்தது. இரண்டாம் முறை விழுந்தது, வேறொன்று எடுத்துக் கொடுத்தது. மூன்றாம் முறை யார் எடுப்பது என்று பிள்ளைகளுக்குள் தள்ளுமுள்ளே வந்துவிட்டது.

"ஏனம்மா, பயமா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"பயமில்லை சார். கைதான் போய்விட்டது," என்றேன்.

அதை நான் சொன்ன தோரணை அவருக்குப் பிடித்திருக்காது. ஆறு வாரம் கழித்து மறுபடி வருவதாகவும், அப்போதும் சாக்பீஸைப் பிடிக்க முடியாவிட்டால் என்னை ஊருக்கு அனுப்பிவிடலாம் என்றும் தலைமை ஆசிரியையிடம் சொல்லிவிட்டுப் போனார். ஊருக்குப் போனால் என்ன வேலை என்று எனக்குத் தெரியும். ஆண்டையின் கழனியில் களை பறிக்கிற வேலை. குனிந்துதான் பறிக்க வேண்டும். அன்று முழுக்க யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அழவும் செய்தேன், அதை மறைப்பானேன்.

தலைமை ஆசிரியையே என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். அங்கே புதிதாக வந்திருந்த டாக்டரம்மா மதராஸ்காரி, சிரித்த முகம், பேச்சு மட்டும் படபடவென்று வரும்.

"தலை பின்றச்சே கை மரத்துப்போறதா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் கேள்வி கேக்கணும். சின்ன வயசுல கழுத்து, தோளுன்னு எங்கேயாவது அடி பட்டிருக்கா?"

சிறுமியாக இருந்தபோது வண்டி குடைசாய்ந்து, கழுத்தடியில் காறை எலும்பு முறிந்ததைச் சொன்னேன். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பச்சிலை வைத்துக் கட்டினார், எலும்பு கூடிவிட்டது, கொஞ்சம் புடைப்பாக நின்றுவிட்டது. டாக்டரம்மா அதைத் தடவிப் பார்த்தார்.

"பாரம் தூக்குவியா?"

பையைப் பற்றிச் சொன்னேன்.

"உண்டாகியிருக்கியா?"

"எனக்குக் கல்யாணமே ஆகலீங்க!" என்று கத்திவிட்டேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"கத்தாதே. கேக்கணும், கேட்டேன். வயித்துல பிள்ளை இருந்தாலும் உடம்பு ஊதி, நிக்கற விதம் மாறி இப்படி வரலாம். பொதுவாவே ஆம்பிளைகளைவிடப் பொம்பிளைகளுக்குத்தான் இது ஜாஸ்தி, அதுவும் உன் வயசுல." கழுத்துக்குப் பக்கத்துக் குழியில் விரலை வைத்து அழுத்தினார். விரல்வரை சுர்ரென்று இழுத்தது. "அட, இங்கே என்னமோ கெட்டியா தட்டுப்படறதே. சில பேருக்குக் கழுத்துப் பக்கம் ஒரு விலா எலும்பு கூடுதலா முளைச்சிருக்கும். பிறக்கும்போதே வர்றது. படம் எடுத்தாத்தான் நிச்சயம், ஆனா என் விரல் பொய் சொல்றதில்லே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டரம்மா விளக்கினார். கைக்குப் போகிற நரம்பும் ரத்தக் குழாயும் காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே ஒரு சின்னச் சந்து வழியாகத்தான் போயாக வேண்டுமாம்.

"மண்டித் தெரு சந்துல எதிரும் புதிருமா ரெண்டு மல்லாட்டை வண்டி வந்தா என்ன ஆகும்?"

"பேஜாரு ஆவும்."

"அதான் உன் தோள்ல ஆறது. உனக்குக் கழுத்து நீளம், தோள் சரிவு. அதனால சந்து பிறவியிலேயே குறுகல். அதுல எலும்பு வேற ஒண்ணு கூடுதல். முறிஞ்சு கூடின காறை எலும்பு இன்னும் கொஞ்சம் இடத்தை அடைச்சுண்டுது. மேலேருந்து பை அமுக்கறது. கையைத் தூக்கித் தூக்கி எழுதறே. சரி, கிளாஸ்ல எப்படி நிப்பியோ, அப்படி நில்லு பாக்கலாம்."

என் மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். நான் நைனா சொன்னபடி நின்றேன். நெஞ்சு முன்னே, தோள் பின்னே, தாடை மேலே.

"நாடியைக் காணோம்," என்றார் டாக்டரம்மா.

"செத்துட்டேனா?"

"தோளைத் தளரவிடு. ம், வந்துடுத்து. மறுபடி நில்லு. போயிடுத்து. தளர்த்து. வந்துடுத்து." அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. நர்ஸைக் கூப்பிட்டார், நர்ஸும் பிடித்துப் பார்த்தார். தலைமை ஆசிரியையும் பிடித்துப் பார்த்தார். மூன்று பேரும் மாறி மாறி என்னை நிற்கவைத்து நாடியைக் காணாமலடித்தும் கண்டுபிடித்தும் விளையாடினார்கள்.

"யாரு உன்னை இப்படி நிக்கச் சொன்னது?"

விழுப்புரம் பிளாட்பாரம், சிப்பாய்கள், பூவரசங்கம்பு எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். யுத்தத்தின்போது அவர் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவராம். முதுகுமூட்டையின் வார் தோளை அழுத்த, மணிக்கணக்கில் அப்படி விறைத்து நின்ற சிப்பாய்கள் கை மரத்துப்போய் அவரிடம் வந்திருக்கிறார்களாம்.

"உங்கப்பா பார்த்த வரிசையிலேயே ரெண்டு பேருக்காவது கை மரத்திருக்கும். கம்பை அடுப்புல வை. பையை இடுப்புல தூக்கு. தோள் காதுப்பக்கமா கொஞ்சம் ஏறி, லேசா முன்னால தளர்ந்து இருக்கட்டும். பலகையை இறக்கி மாட்டச் சொல்லு."

கம்பை அடுப்பில் வைக்க மனம் வரவில்லை. நைனா எத்தனை நாள் உட்கார்ந்து இழைத்தாரோ. இரண்டு வாரத்தில் எறும்பு ஊர்வது குறைந்தது, ஒற்றைப் பின்னலை ஒரே தவணையில் பின்னினேன். பரீட்சைக்கு முன்னால் ஒரு முறை ஊருக்குப் போய் வரலாமென்று கம்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலேறினேன்.

விழுப்புரம் பிளாட்பாரத்தில் நைனா காத்திருந்தார். சாப்பிட்டியா என்று கேட்கவில்லை.

"தோளு எங்க?" என்று கேட்டார்.

வழி நெடுக எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு வந்தேன். எலும்பு, சந்து, நாடி, பரீட்சை, இன்ஸ்பெக்டர் மறுபடி வரப்போகிற நாள். ஊரை நெருங்கும்போது ஆண்டையின் வண்டி எதிரே வந்தது. துண்டு கக்கத்துக்குப் போயிற்று, முதுகு மடங்கியது. வண்டியை நிறுத்தி, "உன் பொண்ணாடா? படிப்பு முடிஞ்சுதா?" என்று ஆண்டை கேட்டார். நான்தான் பதில் சொன்னேன். வண்டி போனதும் நைனா நிமிர்ந்தார்.

"நான் குனிஞ்சது பத்தலியா? நீயும் தோளத் தொங்க வுட்டுக்கினு நிக்கிறியே. அதுக்கா உன்னப் படிக்க வெச்சேன்?"

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "நான் குனியல நைனா! அவரு கண்ண நேராப் பாத்துத்தான் பதில் சொன்னேன். நீ தரையப் பாத்துக்கினு இருந்தே, உனக்கு எப்படித் தெரியும்?"

சொன்ன மறுகணம் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பெற்றவரிடம் சொல்கிற வார்த்தையா அது? நைனா என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

வீட்டில் அம்மாதான் நிலைமையைக் காப்பாற்றினாள். என் கழுத்தில் ஓர் எலும்பு கூடுதல் என்பதை அவளால் நம்பவே முடியவில்லை.

"நீ வயித்துல இருந்தப்போ அரை வயித்துக் கூழுக்கே வழியில்ல. எங்கேருந்துடீ எலும்பு ஜாஸ்தியா வந்துது?" என்று என் கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். "பாருங்க, மத்தவங்களுக்கு இல்லாதது எம் பொண்ணுகிட்ட ஒண்ணு இருக்குது." தெருவே வந்து தடவிவிட்டுப் போனது. இரண்டு நாளும் நைனா என்னோடு பேசவில்லை. கம்பைக் கூரை எரவாணத்தில் செருகிவிட்டு நான் திண்டிவனம் திரும்பினேன். வழியனுப்ப அம்மா மட்டும் வந்தாள்.

பரீட்சைக்கு முதல் நாள் பள்ளிக்கூடத்துப் பியூனிடம் கெஞ்சி, பலகைக் கயிற்றை ஒரு சாண் நீட்டி இறக்கி மாட்டவைத்தேன். பிள்ளைகளை ஆளுக்கொரு மல்லாட்டைச் செடி வேரோடு கொண்டுவரச் சொன்னேன். காலையில் வகுப்பறை கழனியாகிவிட்டது. இன்ஸ்பெக்டரின் நாற்காலிக்குக் கீழேயும் மண். பலகையில் கொஞ்சம் எழுதுவேன், கையைத் தொங்கவிட்டுப் பிள்ளைகளிடையே நடந்து கேள்வி கேட்பேன், திரும்பிவந்து கொஞ்சம் எழுதுவேன். மேல் வரியை வகுப்பிலேயே நெட்டையான பெண்ணைக் கூப்பிட்டு எழுதச் சொன்னேன். பாதிப் பாடத்தில் ஜன்னலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வெளியே வெயிலில் நைனா நின்றுகொண்டிருந்தார். அந்த நாளை அவர் மறக்கவில்லை.

சாக்பீஸ் ஒரு முறைகூட விழவில்லை. எடுத்துக் கொடுக்கக் காத்திருந்த முன்வரிசைக்குத்தான் ஏமாற்றம்.

"இந்த முறை கை எங்கும் போகவில்லையே," என்றார் இன்ஸ்பெக்டர்.

"சந்து காலியாகிவிட்டது சார்," என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஆனால் தேர்ச்சி என்று எழுதினார். எழுதியதை நான் தலைகீழாகவே படித்துவிட்டேன். கத்த வேண்டும்போல் இருந்தது, அடக்கிக்கொண்டேன்.

தலைமை ஆசிரியை ஜன்னலில் நின்றவர் யாரென்று கேட்டு, நைனாவை உள்ளே கூப்பிட்டார். கோட்டும் தலைப்பாகையுமாக இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இப்போது துண்டு கக்கத்துக்குப் போகும், முதுகு மடங்கும், என் பிள்ளைகள் முப்பது பேரும் பார்ப்பார்கள்.

துண்டு தோளிலேயே இருந்தது. நைனா வாசலைத் தாண்டி வந்து, மல்லாட்டைச் செடிகளுக்கு நடுவே நின்றார். நெஞ்சு முன்னே, தோள் இரண்டும் பின்னே, தாடை மேலே.

"இது உம்ம பெண்ணா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"ஆமாங்க. எம் பொண்ணுதாங்க," என்றார், அவர் கண்ணைப் பார்த்து.

நான் நைனாவின் பக்கத்தில் போய் நின்றேன். அவருடைய இரண்டு முழங்கை மடிப்பிலும் தோல் சிவந்து காப்புக் காய்த்திருந்தது. அந்தத் தழும்பு எதனால் வரும் என்று அந்த அறையில் என் ஒருத்திக்குத்தான் தெரியும், எனக்கும் அதே இடத்தில் இருந்தது. எரவாணத்தில் நான் செருகிவிட்டு வந்த கம்பு அங்கே சும்மா கிடக்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் மணிக்கட்டை டாக்டரம்மா பிடித்ததுபோல் இரண்டு விரலால் பிடித்தேன். தேடித் தேடிப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"நைனா, தோளத் தளத்து," என்றேன் மெதுவாக. "நாடி நின்னுபோச்சு."

அவர் திரும்பவில்லை. உதடுகூட அசையாமல் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "நிக்கட்டும் வுடு பாப்பா. அந்த ஐயா எழுந்து போற வரிக்கும்."

இன்ஸ்பெக்டருக்குக் காப்பி வந்தது. ஆற்றி ஆற்றிக் குடித்தார். அவர் குடித்து முடித்து எழுந்து போகும்வரை நான் அந்த மணிக்கட்டை விடவில்லை.